சென்னையிலிருந்து புனேவுக்கு: சின்னப் பிள்ளைகளோடு வீடு மாறும் வாரம்

ஞாயிறு, சென்னை

நாளைக் காலை லாரி வருகிறது. சென்னையிலிருந்து புனே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். சாமான் லாரியில், நாங்கள் காரில். மூத்தவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு ஒன்றரை. பிள்ளைகள் சாப்பிடும் நேரமும் தூங்கும் நேரமும் மாறக்கூடாது என்பதை வைத்தே இந்த வாரத்தைத் திட்டமிட்டிருக்கிறோம். லாரி, சாலை, அலுவலகம் எல்லாம் அதற்கு ஏற்ப நகரட்டும்.

மே மூன்றாவது வாரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. புனேயில் பள்ளிகள் ஜூன் நடுவில் திறக்கும். மழையும் கிட்டத்தட்ட அதே சமயத்தில் பிடித்துக்கொள்ளும். நனைந்த மெத்தை பூசணம் பிடித்துவிட்டால் பிறகு என்ன வெயிலில் போட்டாலும் வாடை போகாது. அதனால் மழைக்கு முன்னால் சாமான் போய்ச் சேர வேண்டும், பள்ளி திறக்கும் முன் பிள்ளைகளுக்குப் புது இடம் கொஞ்சம் பழக வேண்டும்.

ஃபிரிட்ஜை இன்று காலையிலேயே அணைத்துக் கதவைத் திறந்து வைத்தாயிற்று. லாரி வருவதற்கு 24 மணி நேரம் முன்பு அணைக்காவிட்டால் ஃப்ரீசரில் மிச்சமிருக்கும் பனி வழியில் உருகி, கூட இருக்கும் அட்டைப்பெட்டிகளை ஊற வைத்துவிடும். ஃபிரிட்ஜ் நிமிர்ந்தே பயணம் செய்ய வேண்டும். படுக்க வைத்தால் கம்ப்ரஸரில் இருக்கும் எண்ணெய் குழாய்க்குள் ஏறும்.

முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்குப் பின்புறம் போடும் டிரான்சிட் போல்ட் இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். மெஷின் வாங்கிய அன்று கழற்றிக் கொடுத்திருப்பார்கள், பலரும் தொலைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் தொட்டி ஸ்பிரிங்கில் தொங்குகிறது. போல்ட் போடாமல் 1,200 கிலோமீட்டர் குலுங்கினால் ஸ்பிரிங்கோ ஷாக் அப்சார்பரோ போய்விடும். வெளியில் ஒரு கீறல்கூடத் தெரியாது, முதல் தடவை துணி பிழியும்போதுதான் டமடமவென்று சத்தம் வரும். போல்ட் இல்லையென்றால் அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் தனியாகக் கேட்டு வாங்கலாம். கீழே இருக்கும் வடிகட்டி மூடியைத் திறந்து மிச்சத் தண்ணீரையும் வடித்துவிடுங்கள்.

ஸ்பிளிட் ஏசியைக் கழற்ற வருபவர் குளிரூட்டும் கேஸை வெளியூனிட்டுக்குள் இழுத்து அடைக்கிறாரா என்று கூடவே நின்று பாருங்கள். ஏசி குளிர்ச்சியில் ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியூனிட்டில் சின்ன வால்வை அலன் கீயால் மூடுவார். கேஜில் அழுத்தம் பூஜ்யத்தை நெருங்கியதும் பெரிய வால்வை மூடி, உடனே கரண்டை அணைப்பார். இதைச் செய்யாமல் நட்டைத் தளர்த்தினால் கேஸ் முழுக்கக் காற்றில் போகும், புனேயில் புதிதாக நிரப்பக் காசு கொடுக்க வேண்டியிருக்கும். குழாய் முனைகளில் டேப் சுற்றச் சொல்லுங்கள், தூசும் ஈரமும் உள்ளே போகக்கூடாது.

இன்வெர்ட்டர் பேட்டரியை எடுத்துப் போகவில்லை. ஆசிட் உள்ள டியூபுலர் பேட்டரி சாய்ந்தால் ஒழுகும், பல லாரிக்காரர்கள் ஏற்றவும் மாட்டார்கள். கேஸ் சிலிண்டரும் லாரியில் ஏறக்கூடாது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்பப் பெற்று, டெர்மினேஷன் வவுச்சர் வாங்கிக்கொள்ள வேண்டும். அதைக் காட்டினால் புது ஊரில் அன்றைய டெபாசிட் கட்டி இணைப்பு எடுக்கலாம்.

தடுப்பூசி அட்டையைப் பார்த்துத் தேதி குறிப்பதும் முக்கியம். 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் டிபிடி பூஸ்டர், ஐந்து வயதுக்கு மேல் போடும் அடுத்த பூஸ்டர் இரண்டுமே ஓரிரு நாள் காய்ச்சல் கொடுக்கக் கூடியவை. ஒன்று, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் போய்ச் சேர்ந்து நிலைத்த பிறகு. முந்தின நாள் போட்டுவிட்டுக் காரில் ஏறுவது பிள்ளைக்குப் பெரிய துன்பம்.

திங்கள், லாரி ஏறும் நாள்

சின்னவனை விடிந்ததுமே பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். பீரோவைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்து வருகிறவருக்குக் காலடியில் நிற்கும் குழந்தை தெரியாது. கதவும் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். மூத்தவள் மதியம் வரை இருந்தாள். தன் பெட்டிமேல் தானே ஸ்டிக்கர் ஒட்டி, அது லாரியில் ஏறுவதைக் கண்ணால் பார்த்தாள். நம் சாமானெல்லாம் எங்கே போகிறது என்று அந்த வயதுப் பிள்ளைக்குப் பயம் இருக்கும். பார்த்துவிட்டால் பாதி அடங்கும்.

இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 14 அடி லாரி பெரும்பாலும் போதும். பீரோ, டைனிங் டேபிள், புத்தகம் அதிகமென்றால் 17 அடி கேளுங்கள். முக்கியமான முடிவு வேறொன்று: முழு லாரியா, வேறு வீட்டுச் சாமானோடு சேர்ந்து போகும் பங்கு லோடா? பங்கு லோடு விலை குறைவுதான். ஆனால் சாமான் குடோனுக்குப் போய், இறங்கி, வேறு லாரியில் ஏறிப் போகும். ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் ஒரு உடைசல், ஒவ்வொரு குடோனும் ஓரிரு நாள் தாமதம். சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பம் முழு லாரி எடுப்பதே நல்லது என்பது எங்கள் திடமான எண்ணம். வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் வேண்டாம்.

புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி. பெட்டி ஒவ்வொன்றும் 15 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தாண்டினால் அடி பிய்ந்துகொள்ளும். பாத்திரத்துக்கு ஐந்தடுக்கு அட்டை, துணிக்கு மூன்றடுக்கு போதும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள். அடுக்கினால், குலுங்கும்போது மேல்தட்டின் பாரம் முழுக்க அடித்தட்டில் இறங்கி அது விரிசல் விட்டுவிடும். கிரைண்டர் கல்லைத் தனியாக எடுத்துப் பழைய போர்வையில் சுற்றி வேறு பெட்டியில் வைக்க வேண்டும், கல்லோடு அனுப்பினால் அச்சு வளையும். எண்களைப் பெட்டியின் மேலே மட்டும் எழுதாதீர்கள். அடுக்கிய பிறகு மேல்பக்கம் கண்ணில் படாது, இரண்டு பக்கவாட்டிலும் எழுதுங்கள்.

கடைசியாக ஏறுவது முதலில் இறங்கும். அதனால் பிள்ளைகளின் கட்டில், மெத்தை, கொசுவலை, அடுப்பு, ஒரு குக்கர், இரண்டு பக்கெட் இவை கதவோரம் கடைசியாக ஏறின.

கையெழுத்துப் போடும் முன் சரக்குச் சீட்டை நிதானமாகப் படியுங்கள். ‘உடைமையாளர் பொறுப்பில்’ என்று அச்சடித்திருந்தால், உடைந்ததைக் கேட்கும்போது அந்த வரியைத்தான் உங்களிடம் நீட்டுவார்கள். டிரான்சிட் இன்சூரன்ஸ் என்று பணம் வாங்கினால் இன்சூரன்ஸ் கம்பெனி பாலிசி நகலைக் கேளுங்கள். பல இடங்களில் அது லாரிக் கம்பெனி தானே எழுதிக்கொடுக்கும் உறுதிமொழியாகத்தான் இருக்கும். விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா, லிஃப்ட் இல்லாவிட்டால் மாடிக்கு எவ்வளவு, லாரி காத்திருந்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். பணத்தில் ஒரு பங்கை இறக்கி முடித்த பிறகே கொடுப்பதாகப் பேசுங்கள். பாதி வழியில் கூடுதல் பணம் கேட்டு லாரியை நிறுத்திவைப்பது நடக்கிற விஷயம், கையில் நிலுவை இருந்தால்தான் பேச முடியும். பழைய வீட்டுச் சாமானுக்கு, சரக்கு லாரிகள் எடுத்துப்போகும் ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில் தேவையில்லை. புதிதாக வாங்கிப் பிரிக்காமல் இருக்கும் பொருளுக்கு மட்டும் பில்லை டிரைவரிடம் கொடுத்து அனுப்புங்கள்.

சனிக்கிழமை காலை இறக்க வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறோம். குடும்பம் முதலில் போய்ச் சேர வேண்டும், லாரி அடுத்து. மாறி நடந்தால் ஆள் இல்லாத வீட்டு வாசலில் சாமான் இறங்கும்.

செவ்வாய், சென்னை – ஒசூர், சுமார் 310 கி.மீ.

காலை 5 மணிக்குக் கிளம்பினோம். தூங்குகிற பிள்ளைகளை அப்படியே தூக்கி சீட்டில் வைத்தால் முதல் இரண்டு மணி நேரம் சத்தமில்லாமல் போகும். ஶ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ்களும் கன்டெய்னர்களும் பெருகும் முன் தாண்டிவிடலாம். மே மாதத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். அந்த வெயில் ஏறும் முன் ஆம்பூர், வாணியம்பாடியைக் கடந்தால் ஏசிக்கும் குழந்தைக்கும் நிம்மதி.

குழந்தை இருக்கை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 14 வயதுக்குட்பட்டவர்கள் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் போனால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள், 80 கிலோமீட்டர் வேகத்தில் திடீரென்று பிரேக் அடித்தால் மடியில் இருக்கும் பிள்ளையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. ஒன்றரை வயதுக்காரன் பின்னோக்கிய இருக்கையில். இருக்கையின் எடை வரம்புக்குள் இருக்கும்வரை பின்னோக்கி வைப்பதே கழுத்துக்குப் பாதுகாப்பு. முன்சீட்டில், ஏர்பேக் எதிரே, ஒருபோதும் வைக்கக்கூடாது. இருக்கையைக் கட்டியபின் பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஒரு அங்குலத்துக்குமேல் அசைந்தால் கட்டு தளர்வு. தோள்பட்டை வாரை மாட்டிவிட்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். வார் மடிந்து விரலில் சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும், வழுக்கிக்கொண்டு போனால் சரி. பின்னோக்கிய இருக்கையில் வார் தோளுக்குச் சமமாகவோ கீழிருந்தோ வர வேண்டும். ஐந்து வயதுக்காரிக்கு, உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் இருக்கை. இடுப்பு பெல்ட் தொடைமேல் படியட்டும், வயிற்றில் ஏறக்கூடாது.

சின்னவனை இடப்பக்கம் வைத்திருக்கிறோம். சாலையோரமாக நின்று இறக்க அதுதான் பத்திரம். இன்னொரு லாபமும் உண்டு: பெங்களூருக்கு மேல் சாலை வடமேற்காகப் போகிறது, காலை வெயில் வலப்பக்கம்தான் அடிக்கும். இரண்டு மணிக்குள் ஓட்டத்தை முடித்துக்கொண்டால் இடப்பக்கம் பெரும்பாலும் நிழல்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் நிறுத்தம். பிள்ளையை இருக்கையிலிருந்து எடுத்து, டயப்பர் மாற்றி, காலால் நடக்கவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பால் சாதம்: குழைய வடித்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றிப் பிசைந்து, ஒரு கரண்டி தயிர் மட்டும் கலந்து டப்பாவில் அடைத்தால் பன்னிரண்டு மணிக்குப் புளிக்காத தயிர்சாதமாக இருக்கும். தயிரை நேரடியாகப் பிசைந்தால் மே மாதக் காரில் மதியத்துக்குள் புளித்துவிடும்.

ஒசூரில் தங்கல். சுமார் 880 மீட்டர் உயரம் என்பதால் ராத்திரி இதமாக இருக்கிறது. லாட்ஜில் கட்டிலைச் சுவரோடு ஒட்டித் தள்ளச் சொல்லி, கூடுதல் மெத்தை ஒன்றைத் தரையில் போட வைத்தோம்.

புதன், ஒசூர் – தாவணகெரே, சுமார் 310 கி.மீ.

பெங்களூருக்குள் நுழையாமல் ஒசூர் ரோட்டிலிருந்து நைஸ் ரோட்டைப் பிடித்தால் 41 கிலோமீட்டரில் துமகூரு ரோட்டில் இறங்கலாம். இது தனியார் சாலை, சுங்கத்தைத் தனியாக வாங்குவார்கள். ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் இங்கே செல்லாது. ஆறரை மணிக்குள் ஏறிவிடுவது நல்லது.

சிராவைத் தாண்டி ஹிரியூர், சித்ரதுர்கா வரை சாலை அருமை, ஆனால் குழந்தையோடு நிற்கத்தக்க கழிப்பறை குறைவு. பெட்ரோல் பங்கையோ பெரிய ஹோட்டலையோ கண்டால் தேவையில்லாவிட்டாலும் நிறுத்துங்கள். சித்ரதுர்கா மலைமேல் வரிசையாகச் சுற்றும் காற்றாலைகளை மூத்தவள் எண்ணிக்கொண்டே வந்தாள். செல்போன் கொடுப்பதைவிட ஜன்னலுக்கு வெளியே பார்க்க வைப்பது வாந்தி வராமல் இருக்கவும் நல்லது. கண் திரையிலும் உடல் குலுக்கலிலும் இருக்கும்போதுதான் குமட்டல் வருகிறது.

மருந்துப் பையில் ஒரு எச்சரிக்கை. பாரசிட்டமால் சிரப் கடைகளில் இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது: 5 மில்லியில் 125 மில்லிகிராம் அளவில் ஒன்று, 250 மில்லிகிராமில் இன்னொன்று. சொட்டு மருந்து அதைவிட அடர்த்தி, 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம். ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது வழக்கமான கணக்கு. 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம், அதாவது முதல் சிரப்பில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி. வழியில் வேறு பாட்டில் வாங்கி, பழைய அளவையே ஊற்றினால் இரட்டிப்பாகிவிடும். உங்கள் மருத்துவர் சொன்ன அளவை, எந்த வீரியத்துக்கு என்பதோடு பாட்டில் மேலேயே எழுதி ஒட்டுங்கள். ஓஆர்எஸ் பாக்கெட்டிலும் இதே கவனம் தேவை. பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு, சுமார் 4 கிராம் உள்ள சின்னது 200 மில்லிக்கு. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கரைத்தால் உப்பும் சர்க்கரையும் விகிதம் தப்பும்.

தாவணகெரேயில் வெண்ணெய் தோசை. சட்னி காரமாக இருந்தது, பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மட்டும் தொட்டுக் கொடுத்தோம்.

வியாழன், தாவணகெரே – கோலாப்பூர், சுமார் 350 கி.மீ.

இதுதான் நீளமான நாள், வேண்டுமென்றே இங்கே வைத்தது. கடைசி நாள் குறுகியதாக இருந்தால்தான் புது வீட்டுக்கு வெளிச்சத்தோடு போய்ச் சேர முடியும்.

ஹரிஹர், ராணிபென்னூர், ஹாவேரி வரை வேகமாகப் போகலாம். ஹூப்ளி–தார்வாட் புறவழிச்சாலையில் நிதானம் தேவை. வெகுகாலம் நடுத்தடுப்பு இல்லாத இருவழிப் பாதையாக இருந்து, நேருக்குநேர் மோதல்களுக்குப் பேர்போன பகுதி. பெளகாவியைத் தாண்டி வண்டமூரி இறக்கத்தில் வளைவுகள் உண்டு. அதற்கு அரைமணி முன்பே பிள்ளைகளின் சாப்பாட்டை முடித்துவிடுங்கள், நிரம்பிய வயிற்றோடு வளைவில் இறங்க வேண்டாம். மே மாத மாலைகளில் இந்தப் பக்கம் இடிமழை திடீரென்று வரும், மூன்று மணிக்குள் நிப்பாணியைக் கடப்பது நல்லது. கோகனோளி சுங்கச்சாவடி தாண்டினால் மகாராஷ்டிரம்.

கோலாப்பூர்ச் சாப்பாட்டின் காரம் பெரியவர்களுக்கே அதிகம். பிள்ளைகளுக்கு வெறும் பருப்பு, சோறு, நெய் என்று தனியாகச் சொல்லி வாங்க வேண்டும். ‘திகட் நக்கோ’ என்றால் காரம் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள்.

வெள்ளி, கோலாப்பூர் – புனே, சுமார் 235 கி.மீ.

காகல் முதல் சாத்தாரா வரை ஆறுவழியாக்கும் வேலையால் மாற்றுப்பாதைகள் அதிகம். தூரத்தைப் பார்த்து நான்கு மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள், ஆறு மணி நேரம் வையுங்கள். சாத்தாராவுக்கு மேல் கம்பாட்கி மலையைப் பழைய சுரங்கப்பாதை வழியாகத் தாண்டினால், வெளியே வந்ததும் இறக்கத்தில் ‘எஸ்’ வளைவு. சுரங்கத்துக்குள்ளேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

அதைவிட ஆபத்து நகர எல்லையில் இருக்கிறது. காத்ரஜ் புதுச் சுரங்கத்திலிருந்து நவலே பாலம் வரை நீண்ட இறக்கம். டீசலை மிச்சப்படுத்த லாரிகளை நியூட்ரலில் உருட்டுகிறார்கள். எஞ்சின் பிடிமானம் இல்லாமல் பிரேக் மட்டுமே பாரத்தைத் தாங்க, அது சூடேறிச் செயலிழக்கிறது. 2022 நவம்பரில் இங்கே ஒரே விபத்தில் 40-க்கும் மேற்பட்ட வண்டிகள் நொறுங்கின. தாழ்ந்த கியரில் இறங்குங்கள், லாரிக்கு முன்னால் நிற்கும்படி எந்த இடத்திலும் மாட்டிக்கொள்ளாதீர்கள், பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

மதியம் வீடு வந்தாயிற்று. இன்றிரவு தேவைப்படுவதெல்லாம் காரிலேயே வந்தது: பாய், போர்வை, அவர்கள் வழக்கமாகப் பிடித்துத் தூங்கும் பொம்மை, இண்டக்ஷன் அடுப்பு, ஒரு சட்டி, இரண்டு கிலோ பொன்னி அரிசி, பருப்பு, பால்பவுடர், மூன்று நாளைக்கு டயப்பர். இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் இந்திராயணி அரிசி குழைந்து ஒட்டும், மணமும் வேறு. முதல் வாரம் பிள்ளைகளுக்குப் பழகின அரிசியே இருக்கட்டும். உள்ளே நுழைந்ததும் பால்கனிக் கம்பி இடைவெளி, தாழ்வான பிளக் பாயிண்ட், குளியலறைத் தாழ்ப்பாள் மூன்றையும் பார்த்தோம். உள்தாழ்ப்பாளைக் குழந்தைக்கு எட்டாத உயரத்துக்கு மாற்ற ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்.

சனி, லாரி இறங்கும் நாள்

குடியிருப்பில் சாமான் ஏற்ற லிஃப்ட்டுக்கு நேரம் ஒதுக்குவார்கள், முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கியிருந்தோம். ஒருவர் லாரியடியில் நின்று பெட்டி எண்ணைப் பட்டியலில் அடிக்க, இன்னொருவர் மேலே எந்த அறை என்று காட்ட வேண்டும். பிள்ளைகளின் அறைதான் முதலில். பத்து மணிக்குக் கட்டிலைப் பூட்டிவிட்டால் மதியத் தூக்கம் அதே மெத்தையில்.

உடைந்தது, நசுங்கியது, வராதது எல்லாவற்றையும் டிரைவர் இருக்கும்போதே படம் எடுத்து, ரசீதின் இரண்டு நகலிலும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ‘எல்லாம் சரியாகப் பெறப்பட்டது’ என்ற வரிக்குக் கீழே வெறுமனே கையெழுத்திட்டால் பிறகு கேட்க வாய் இருக்காது. பிரித்துப் பார்த்தபின் தெரிந்த சேதத்துக்கும் வழியுண்டு. சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007-இன்படி சரக்கை அனுப்பப் பதிவு செய்த தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வழக்கே நிற்காது.

ஃபிரிட்ஜை நிறுத்தி நாலைந்து மணி நேரம் கழித்து ஆன் செய்யலாம். வழியில் படுத்துவந்தது என்று சந்தேகமிருந்தால் ஒரு நாள் முழுக்க விடுங்கள். வாஷிங் மெஷினில் டிரான்சிட் போல்ட்டைக் கழற்றாமல் ஓட்டினால் மெஷின் அறை முழுக்க நடக்கும், உள்ளேயும் சேதமாகும்.

திங்கள், காகித வேலை

வீட்டு ஒப்பந்தம் இங்கே ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’. மகாராஷ்டிர வாடகைச் சட்டம் 55-ஆவது பிரிவின்படி எழுத்தில் இருந்து பதிவும் ஆக வேண்டும், பதியும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. வெறும் முத்திரைத்தாளை வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். பள்ளி, கேஸ், ஆர்டிஓ எல்லாரும் முகவரிச் சான்றாகப் பதிந்த நகலைத்தான் கேட்கிறார்கள்.

இங்கே பல குடியிருப்புகளில் குழாய் எரிவாயு இருக்கிறது. சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்டினால் சுடர் கொஞ்சமாகத்தான் வரும். குழாய் வாயுவில், அதே கன அளவுக்கு, சிலிண்டர் வாயுவைவிட வெப்பம் குறைவு, அழுத்தமும் குறைவு. அதனால் வாயு வெளிவரும் ஜெட் துளை பெரிதாக வேண்டும். இணைப்புக் கொடுக்க வருபவரையே மாற்றித் தரச் சொல்லுங்கள், நீங்களாகத் துளையைப் பெரிதாக்க வேண்டாம்.

பள்ளிக்கு மாற்றுச் சான்றிதழ், ஆதார், பிறப்புச் சான்றிதழ். மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் அதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவே சொல்கிறது. 2020-இல் வந்த சட்டத்தால் மகாராஷ்டிரப் பள்ளிகளில் மராத்தி கட்டாயம். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு வகுப்பில் என்ன ஏற்பாடு செய்கிறார்கள் என்று சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கார்தான் கடைசி. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவெண் வாங்க வேண்டும். இதற்குத் தமிழ்நாட்டு ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று படிவம் 28-இல் வேண்டும். கார்க் கடன் இருந்தால் முதலில் வங்கியின் கடிதம். படிவத்தில் சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் பதித்த அச்சும் ஒட்ட வேண்டும், அதைச் சென்னையிலேயே எடுத்துக்கொண்டோம். இங்கே படிவம் 27-உடன் மகாராஷ்டிர சாலைவரியைக் கட்டிப் புது ஆர்சி கையில் வந்தபின், மிச்ச வருடங்களுக்கான தமிழ்நாட்டு ஆயுள்வரியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்குப் பழைய வரி ரசீது தேவைப்படும், பத்திரப்படுத்தி வையுங்கள்.